குதிரைத் தீவு மாஸ்ரர்

கிளிபோட் சீமோனை முதன்முதலில் கண்டது ஒரு கொரில்லாவுக்கு முன்னால்.

பெப்ரவரி மாதத்துப் புதன்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும். வெளியே முழங்கால் அளவு பனி. ஸ்காபரோவின் கிழக்குக் கோடியில் இருக்கும் மிருகக்காட்சிசாலையில் அந்தப் பருவத்தில் சனம் நடமாடுவது சூடேற்றிய மண்டபங்களுக்குள் மட்டுந்தான். அப்படியொரு மண்டபத்தில், தடித்த கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், நீலச் சீருடை போட்ட ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஒருவர் றப்பர் பூட்டிய துடைப்பானால் கண்ணாடியை மேலிருந்து கீழாக ஒரே இழுவையில் வழித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம், வைக்கோல் மேல், பெரிய ஆண் கொரில்லா முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது.

கிளிபோட்டோடு பதினொரு பிள்ளைகள். எல்லாம் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. சீனாவின் செங்டு நகரத்துப் பாடசாலை ஒன்றின் மாணவர்கள். புத்தாண்டு விடுமுறைக்கு அவர்களை இரண்டு கிழமை ரொறன்ரோ பார்க்கக் கூட்டி வந்திருந்தார்கள். கணித ஆசிரியரான கிளிபோட் பொறுப்பாக வந்திருந்தான். செங்டுப் பிள்ளைகளுக்குப் பண்டாக் கரடி பக்கத்து வீட்டுப் பூனை மாதிரி. கொரில்லாவைத்தான் அவர்கள் கேட்டு வந்திருந்தார்கள். வந்த வேகத்தில் பதினொரு மூக்கும் துடைத்த கண்ணாடியில் போய் ஒட்டின.

துடைப்பவர் கோபிக்கவில்லை. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பிள்ளைகள் விலகியதும், படிந்திருந்த அடையாளங்களை விரலால் காட்டி ஆங்கிலத்தில் விளக்கம் சொன்னார். இந்த உயரத்தில் மூக்கு என்றால் ஏழாம் வகுப்பு. இதற்குக் கீழே நெற்றி என்றால் முதலாம் வகுப்பு. தரையோடு சேர்த்து நாக்கு அடையாளம் இருந்தால் தள்ளுவண்டியில் வந்த ஆள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இவர் உங்களோடு பேசமாட்டாரா?" என்று ஸிஹான் என்ற சிறுமி கொரில்லாவைக் காட்டிக் கேட்டாள்.

"பன்னிரண்டு வருடமாக எனக்கு முதுகைத்தான் காட்டுகிறார். முகம் காட்டுவது ரிக்கெற் எடுத்த ஆட்களுக்கு மட்டும்."

ஸிஹானுக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவருடைய சட்டையில் இருந்த பெயரைப் படித்தாள். எந்த நாடு என்று கேட்டாள். ஸ்ரீலங்கா என்றார். அவள் துள்ளினாள். "எங்கள் ஆசிரியரும் ஸ்ரீலங்கா. அவர் காட்டுக் குதிரைகள் ஓடும் தீவில் பிறந்தவர்." அதோடு நிறுத்தாமல், கிளிபோட்டே சொல்லிக்கொடுத்த உச்சரிப்பில், எழுத்தெழுத்தாக, "நெ-டு-ந்-தீ-வு" என்றாள்.

சீமோனின் கையில் இருந்த துடைப்பான் வாளிக்குள் விழுந்தது.

"என்னுடைய தீவு," என்றார் பிள்ளைகளிடம். "நானும் அங்கேதான் பிறந்தேன்." பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர் கிளிபோட்டின் பக்கம் திரும்பினார். கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது.

"தம்பி, நெடுந்தீவோ நீர்? எந்தப் பக்கம்?"

கிளிபோட்டின் ஊர் நெடுந்தீவு இல்லை. மன்னார்ப் பெருநிலப்பரப்பில் இருக்கும் பரப்புக்கடந்தான். தகப்பன் அடுத்தவரின் வயலில் வேலை செய்தவர். அந்தக் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து முதல் வகுப்பில் தேறியபோது மாமன்மார் சேர்ந்து சந்தியில் பனர் கட்டினார்கள். தொப்பியும் அங்கியுமாக அவன் படம், ஆளை விடப் பெரியது. மழை வந்து நிறம் கலையும் வரைக்கும் அந்தப் பக்கம் போகிற நாளெல்லாம் சைக்கிளை மெதுவாக்கிக்கொண்டு போனான். அதில் அவனுக்கு எந்த வெட்கமும் இருந்ததில்லை. பட்டத்தை அவன் தேடி எடுத்தவன்; யாரும் தூக்கித் தரவில்லை.

பிறகு புலமைப்பரிசில், சீனா, மேற்படிப்பு, வேலை. செங்டுப் பாடசாலையில் முதல் நாள், வெளிநாட்டு ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் தங்கள் சொந்த ஊரைப் படம் போட்டுக் காட்ட வேண்டும் என்றார்கள். ஸ்கொட்லாந்துக்காரர் ஒரு கோட்டையைக் காட்டினார். தென்னாபிரிக்காப் பெண் ஒரு மலையைக் காட்டினாள். கிளிபோட்டிடம் இருந்தவை ஒரு குளம், ஒரு வயல், அந்தப் பனர். பல்கலைக்கழகக் காலத்தில் நண்பர்களோடு அரை நாள் போய்வந்த நெடுந்தீவின் குதிரைகளை அவன் இணையத்தில் தேடி எடுத்துப் போட்டான். பிள்ளைகள் "ஆ" என்றார்கள். அந்த "ஆ" மூன்று வருடம் நீடித்தது. குதிரைத் தீவு ஆசிரியர் என்றே அவனுக்குப் பெயர்.

இப்போது பதினொரு முகங்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. வகுப்பில் அவன் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: கணக்குப் பிழைத்தால் அரைப் புள்ளியாவது தருவேன், பார்த்து எழுதினால் ஒன்றும் இல்லை. சீமோனிடம் நெடுந்தீவு இல்லை என்று சொன்னால், அவர் உடனே திரும்பிப் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்பார்.

"மத்தி, அங்கிள்," என்றான்.

பின்னாளில் அவன் அதையே திரும்பத் திரும்ப நினைத்ததுண்டு. பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. "அங்கிள், அது ஒரு கதை, பிறகு சொல்லுறன்" என்று சிரித்தபடி சொல்லியிருக்கலாம். அவரும் சிரித்திருப்பார். அந்த ஒரு வசனம் அவன் வாயில் வரவேயில்லை.

சீமோன் தன் இடைவேளையை முன்னால் இழுத்துக்கொண்டார். மேற்பார்வையாளரிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு, தடித்த ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு வந்தார். "வாங்கோ, பிள்ளையளுக்கு ஒண்டு காட்டோணும்."

அவர் கூட்டிப்போனது மொங்கோலியக் காட்டுக் குதிரைகள் நிற்கும் வேலிக்கு. மணல் நிறத்தில், குட்டைக் கால்களோடு, பிடரி மயிர் பிரஷ் மாதிரி நிமிர்ந்து நிற்க, ஐந்து குதிரைகள் பனிக்குள் அசையாமல் நின்றன. பிள்ளைகள் பனியில் சறுக்கிக்கொண்டு வேலிக்கு ஓடினார்கள். இவர்கள் இருவரும் பின்னால், ஒரு கூப்பிடு தூரத்தில்.

"ஊரிலை இருக்கேக்கை உதுகளை நான் திரும்பியும் பார்த்ததில்லை, மாஸ்ரர்," என்றார் சீமோன். அதற்குள் தம்பி மாஸ்ரர் ஆகிவிட்டிருந்தான். "இஞ்சை வந்து, பனிக்குள்ளை, சான்ட்விச்சைப் பிடிச்சுக்கொண்டு வந்து நிண்டு பார்க்கிறன். விசர் எண்டு மனிசி சொல்லுறா."

அவன் சிரித்தான். அவரும் சிரித்தார். பிறகு அவர் சிரிப்பதை நிறுத்தினார்.

"மாஸ்ரர், ஜோசப்பின் ரீச்சரைத் தெரியுமோ? மறைக்கல்வி படிப்பிச்சவ. மாதா கோயிலுக்குப் பின்னாலை, நல்லதண்ணிக் கிணத்தடி."

"ஓம்," என்றான் கிளிபோட்.

"அவ என்ரை அக்கா."

"ஓ."

"எப்பிடி இருக்கிறா?"

கேட்டவரின் முகத்தைக் கிளிபோட் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பானோ என்னவோ. முதல் பொய்க்குப் பிள்ளைகளைக் காரணம் சொல்லலாம். அவர்கள் இப்போது வேலியோடு நின்று குதிரைகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது பொய்க்கு யாரும் காரணமில்லை. ஒரு வயதான மனிதரைச் சந்தோசப்படுத்துகிறேன் என்று அவனே தனக்குச் சொல்லிக்கொண்டான்.

"நல்லாய் இருக்கிறா, அங்கிள். போன டிசம்பர் நத்தார்ப் பூசையிலை கண்டனான்."

"நடந்து வந்தவவோ?"

"ஓம். நடந்துதான்."

சீமோன் கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "விழுந்திட்டா, சாப்பிடுறா இல்லை, என்னைக் கேக்கிறா எண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளை வொய்ஸ் அனுப்பியிருக்குது. முந்தியும் ஒருக்கா உப்பிடித்தான் பதறவைச்சவை. அப்ப இந்த முறையும் அந்தக் கதைதான் போல." அவர் பெருமூச்சு விட்டார், அந்தக் குளிரில் அது புகையாகப் போனது. "நீர் எனக்கு மாதா அனுப்பின ஆள், மாஸ்ரர்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும் என்று கைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டார். கிளிபோட் மழுப்பினான். அவர் விடவில்லை. வியாழன் ஒரு தரம், வெள்ளி இரண்டு தரம் தொலைபேசி எடுத்துப் பேசினார். நண்டு சாப்பிடுவீரோ, உறைப்புப் பழக்கமோ, சீனாவில் சோறு கிடைக்குமோ. சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட வந்த ஆசிரியையோடு நூதனசாலைக்குள் விட்டுவிட்டு, வாசல் வாங்கில் இருந்து கிளிபோட் நெடுந்தீவைப் பற்றி இணையத்தில் படித்தான். கிழக்கு, மத்தி, மேற்கு. குறிகட்டுவான் இறங்குதுறை. பெருக்கு மரம். பரீட்சைக்குப் படிப்பதுபோலக் கொப்பியில் குறித்துக்கொண்டான். படிப்பதில் அவனுக்கு என்றைக்குமே தோல்வி இல்லை.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு சீமோன் ஹோட்டல் வாசலில் காரோடு நின்றார். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.

மோர்னிங்சைட்டில் எட்டாம் மாடி. கதவைத் திறந்ததும் நண்டுக் குழம்பின் மணம் முகத்தில் அடித்தது. மனைவி செலீன் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்பவர். வேகமான நடை, வேகமான பேச்சு. மகள் ஸ்டெபனி கல்லூரியில் இரண்டாம் வருடம். சோபாவில் காலை மடித்து இருந்துகொண்டு, "ஹாய், நீங்கதானே அந்த ஹோர்ஸ் ஆள்," என்றாள்.

"உவளுக்கு மரியாதை தெரியாது," என்றார் சீமோன். "இரும், மாஸ்ரர்."

அவர் தன் கதையைச் சொன்னார். தாய் செத்தபோது அவருக்கு நான்கு வயது, அக்காவுக்கு இருபது. அவரை வளர்த்ததில் அக்கா கலியாணம் கட்ட மறந்துபோனா. தொண்ணூறில் தீவை விட்டு வெளிக்கிட்டு, காடும் கடலுமாய் இந்தியா போய், மூன்று வருடம் முகாமில் கிடந்து, கனடா வந்தார். கோப்பை கழுவினார், கார்களுக்கு இருக்கை தைக்கும் தொழிற்சாலையில் நின்றார், அதை மூடினார்கள், மிருகக்காட்சிசாலைக்கு வந்தார். அக்காவைக் கூப்பிட எத்தனையோ தரம் கேட்டார். அவ வரவில்லை. ஐந்து வருடத்துக்கு முன், கண்ணில் பூ விழுந்தபோது, யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்து விடுதியிலாவது போய் இரும் என்றார். "என்ரை கிணத்தை ஆர் பார்க்கிறது, அரைவாசித் தீவு என்ரை கிணத்திலை அள்ளுது" என்று அக்கா சொன்னா.

"நான் என்ன சொன்னனான் தெரியுமோ, மாஸ்ரர்? 'அப்ப கிணத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடந்து சா' எண்டு சொன்னனான். என்னை வளர்த்த மனிசிக்கு." அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்டைக்குப் பிறகு அவ ஃபோன் தூக்கிறேல்லை. ஐஞ்சு வருசம். நேரை போய்க் காலிலை விழவேணும் எண்டுதான் இருந்தனான்."

"டாட், சாப்பிட விடுங்கோ," என்றாள் ஸ்டெபனி. பிறகு கிளிபோட்டிடம், சாதாரணமாக: "ஹி வாஸ் சோ ஸ்ட்ரெஸ்ட், யூ நோ? நேற்று ஃபிளைட். நீங்க மாமி ஓகே எண்டு சொன்ன பிறகு சேஞ்ச் பண்ணிட்டார்."

"நேற்றோ?" என்றான் கிளிபோட்.

"இப்ப போனால் பத்து நாள் லீவுதான்," என்றார் சீமோன். "உயிர்த்த ஞாயிறுக்கு எண்டால் ஒரு மாதம் நிக்கலாம். அக்காவோடை பெரிய கிழமை முழுக்க. அதுதான் ரிக்கெற்றை மாத்தினனான். உம்மடை புண்ணியம்."

கிளிபோட்டுக்கு ஏதாவது பேச வேண்டும் போல இருந்ததால் குதிரைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினான். சின்ன வயதில் அவற்றின் பின்னால் ஓடியதையும், விடியக்காலையில் அவை வீட்டு வேலியோடு வந்து நிற்பதையும், ஒரு குட்டிக்குப் பெயர் வைத்து வளர்த்ததையும் சொன்னான். மூன்று வருடமாக வகுப்பில் சொன்னவை. தடங்கல் இல்லாமல் வந்தன. சீமோன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். செலீன் நண்டுக் கோப்பையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, குசினிக்கு ஒருக்கா வாரும். சோத்துச் சட்டி பாரம்," என்றார்.

குசினியில் சட்டி பாரமாக இல்லை. செலீன் கதவைச் சாத்தினார்.

"நீர் எங்கடை ஊர் இல்லை."

கிளிபோட் தூக்கிய சட்டியைத் திரும்ப வைத்தான்.

"நான் இருபத்திரண்டு வருசம் அங்கை இருந்தனான். ஒருநாள் கூட ஆரும் குதிரையைப் பற்றிக் கதைச்சுக் கேக்கேல்லை. தண்ணியைப் பற்றித்தான் கதைச்சம். எந்தக் கிணறு உவர், எந்தக் கிணறு நல்லது, ஆரின்ரை வீட்டுக் கிணத்திலை அள்ள விடுவினம். நீர் வந்து அரை மணித்தியாலம். தண்ணி எண்ட சொல்லு உம்மடை வாயிலை வரேல்லை."

"அன்ரி…"

"குதிரை வேலிக்கு வாறதாம். எங்கடை வீடுகளுக்கு வேலி ஏது? கல்லு மதில்." அவர் குரலை உயர்த்தவில்லை. "எனக்கு உம்மிலை கோவமில்லை. நீர் என்னத்துக்குச் சொன்னீரோ. அவர் நேற்றுப் போயிருக்கோணும். நீராச் சொல்லுறீரோ, நான் சொல்லவோ?"

அந்தக் கேள்விக்கு முன்னால் கிளிபோட்டின் பட்டமும் மேற்பட்டமும் எங்கோ ஒதுங்கிப்போயின. ஒரு கணம், உண்மையாகவே, நீங்கள் சொல்லுங்கோ அன்ரி என்று கேட்கத்தான் அவனுக்கு வாய் வந்தது. அதைக்கூட அவன் பிறகு மறக்கவில்லை.

வெளியே வந்தான். சீமோன் சுவரில் தொங்கிய பங்குக் கலண்டரில் உயிர்த்த ஞாயிறை மகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், நான் நெடுந்தீவு இல்லை."

அவர் கலண்டரில் வைத்த விரலை எடுக்காமல் திரும்பினார்.

"என்ன?"

"ஒருக்காத்தான் போனனான். கம்பசிலை படிக்கேக்கை, ட்ரிப்."

"அப்ப அக்காவை?"

"காணேல்லை, அங்கிள்."

"நத்தார்ப் பூசையிலை?"

"நத்தாருக்கு நான் சீனாவிலை நிண்டனான்."

ஸ்டெபனி மடித்திருந்த காலைக் கீழே இறக்கினாள். சீமோன் மெல்ல வந்து கதிரையில் இருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப்பட்டி நுனியால் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

"ஏன் தம்பி?" என்றார்.

கிளிபோட் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னான். முதல் நாள் காட்டிய படத்தைப் பற்றிச் சொன்னான். சொல்லச் சொல்ல, அவன் காதுக்கே அது பத்து வயதுப் பிள்ளை சொல்லும் சாட்டாகக் கேட்டது. இரண்டாவது பொய்க்கு வந்தபோது சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

"உம்மடை ஊர் எது?"

"பரப்புக்கடந்தான்."

சீமோன் தலையை நிமிர்த்தினார். "மடுவுக்குப் போற பக்கமோ?"

"ஓம்."

"தொண்ணூறிலை அவடத்தாலை நடந்து வந்தனாங்கள். நாலு பேர். ரெண்டு நாள் தண்ணி இல்லை. உங்கடை குளத்திலை விழுந்து மாடு மாதிரிக் குடிச்சனாங்கள். ஆரோ ஒரு மனிசி வந்து சோறு தந்தது, பேர் கேக்கேல்லை." அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அந்தக் குளம் இருக்குதோ?"

"இருக்குது அங்கிள். இந்த முறை நிரம்பி வழிஞ்சு வான் பாஞ்சது எண்டு அம்மா சொன்னவ."

அந்த வீட்டில் கிளிபோட் சொன்ன முதல் உண்மையான ஊர்ச் செய்தி அது.

"அதை விட்டிட்டோ குதிரையைச் சொன்னனீர்?" என்றார் சீமோன்.

அதற்குமேல் அவர் அவனோடு பேசவில்லை. கைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். ரிக்கெற் போடும் தமிழரின் வீட்டு இலக்கத்துக்கு எடுத்து, ஞாயிற்றுக்கிழமை கரைச்சல் தருவதற்கு மன்னிப்புக் கேட்பதும், "இல்லை, எந்த வழியாலையும் பரவாயில்லை" என்பதும் கேட்டது. கிளிபோட்டின் முன்னால் சோறும் நண்டும் ஆறின. "சாப்பிடும்," என்றார் செலீன். இரண்டு வாய் சாப்பிட்டான். ஸ்டெபனி அவன் பக்கம் பார்க்கவில்லை. யாருக்கோ மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமைக்கு முன் இடமில்லை என்று அறைக்குள்ளிருந்து வந்து மனைவியிடம் சொன்னார் சீமோன். கதவடிக்கு வந்து விருந்தாளியை அனுப்பவில்லை. காரில் கூட்டி வந்தவர் காரில் கொண்டுபோய் விடவில்லை. ஊரிலும் சரி ஸ்காபரோவிலும் சரி, அதற்கு என்ன கருத்து என்று கிளிபோட்டுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. "கீழை இறங்கி இடக்கைப் பக்கம் பஸ் வரும்," என்றார் செலீன். சாப்பிடாத நண்டை ஒரு டப்பாவில் போட்டுக் கையில் திணித்தார். பஸ்ஸில் அந்த மணத்துக்கு இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கிளிபோட் டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டு இருந்தான்.

அந்தக் கிழமை மிச்சத்துக்கு ஸிஹான் நான்கு தரம் கேட்டாள்: கண்ணாடி துடைப்பவரைத் திரும்பப் பார்க்கப் போவோமா? ஊருக்குப் போய்விட்டார் என்றான். குதிரைத் தீவுக்கா? ஆம் என்றான். "உங்களுக்கும் போக ஆசையாக இருக்குமே," என்றாள் அவள், அவனைத் தேற்றுவதுபோல.

மார்ச் முதல் கிழமை, அவன் செங்டுவில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது செலீன் தொலைபேசி எடுத்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார். சனிக்கிழமை விமானம் என்றால் சீமோன் செவ்வாய் காலைப் படகில் தீவுக்குப் போயிருப்பார். செவ்வாயும் புதனும் ஜோசப்பின் ரீச்சர் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறா. படகு வந்திட்டுதோ, படகு வந்திட்டுதோ என்று. புதன் பின்னேரத்தோடு பேச்சு நின்றது. சீமோன் போய் இறங்கியது வெள்ளிக்கிழமை. பதினொரு நாள் கட்டிலடியில் இருந்தார். அவ கண் திறந்து பார்த்தா, கையைப் பிடித்தா, ஒரு சொல்லும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் உயிர் போனது.

"அக்கா மன்னிச்சவவோ இல்லையோ எண்டு அவருக்குத் தெரியாது," என்றார் செலீன். "அதைத்தான் சொல்லிச் சொல்லி இருக்கிறார்."

"நான் அவரோடை கதைக்கலாமோ, அன்ரி?"

"இப்ப வேண்டாம். உமக்குத் தெரியோணும் எண்டுதான் எடுத்தனான்."

பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த படம் அவன் மேசையில் இருந்தது. அன்றைக்கு அவன் அதைக் கவிழ்த்தோ ஒளித்தோ வைக்கவில்லை. அந்தப் படத்தில் இருப்பவன் கெட்டித்தனமாகப் படித்தவன்தான், அதை யாரும் மறுக்க முடியாது; கெட்டித்தனம் அவனுக்கு எதற்குப் பயன்பட்டது என்று யோசித்தபோது கண்ணை எடுக்க வேண்டியிருந்தது.

ஏப்ரலில் சீமோனிடமிருந்து ஒரு படம் வந்தது. தீவில் நின்றபோது எடுத்தது. வறண்ட புல்வெளி, ஆறு குதிரைகள், தூரத்தில் கடல், ஓரத்தில் அவருடைய கட்டை விரல். கீழே ஒரு வரி: "பிள்ளையளுக்குக் காட்டும்." வேறொன்றும் இல்லை. கிளிபோட் பதில் எழுதி எழுதி அழித்தான். கடைசியில் "நன்றி அங்கிள்" என்று மட்டும் அனுப்பினான். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன.

அந்தப் படத்தைச் சும்மா காட்ட அவனால் முடியவில்லை. அடுத்த திங்கள், பாடம் தொடங்குமுன், வகுப்பில் நின்று சொன்னான். தான் அந்தத் தீவில் பிறக்கவில்லை, மூன்று வருடமாகப் பொய் சொன்னேன், அதை நம்பி ஒருவர் தாமதித்ததால் அவருடைய அக்காவின் கடைசிப் பேச்சு அவருக்குக் கிடைக்கவில்லை. பின் வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். ஸிஹான் கையை உயர்த்தவில்லை. அவளாகவே எழுந்து, "அப்படியென்றால் உங்களுக்கு ஒன்றும் இல்லை," என்றாள். முதலில் அவனுக்குப் புரியவில்லை. பார்த்து எழுதியவருக்கு, அரைப் புள்ளிகூட.

"ஒன்றும் இல்லை," என்றான் கிளிபோட். பிறகுதான் படத்தைப் போட்டு, இது சீமோனுடைய ஊர் என்றான். அதற்கடுத்து, அம்மா அனுப்பிய படம்: வான் பாயும் ஒரு குளம், குளக்கட்டின் மேல் நின்று கையைக் காட்டும் ஒரு பெண். "பரப்புக்கடந்தான்" என்று சொல்லிக்கொடுத்தான். ஒருவருக்கும் சரியாக வரவில்லை.

சீமோன் இப்போதும் மோர்னிங்சைட்டில்தான் இருக்கிறார். கிழமையில் ஐந்து நாள் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறார். இடைவேளையில் குதிரைகளிடம் போவதை நிறுத்திவிட்டார் என்று செலீன் சொன்னார். தீவில் கிணற்றைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை பார்த்துக்கொள்கிறது. சனம் வழக்கம்போல அள்ளுகிறது. கிளிபோட் செங்டுவில் எட்டாம் வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறான். சீமோனுக்கு இன்னும் தொலைபேசி எடுக்கவில்லை.